மேல் இறக்கை

துண்டுத்தாளில் ஐந்து நிழலுருக்கள்.
ஐந்தும் அடிவயிற்றைக் காட்டின.
தரையில் நின்று
கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பவர்களுக்காக
சமவெளியில் யாரோ அச்சடித்தது.

நாங்கள் எல்லநள்ளி மேட்டில்
கேரட் பிடுங்கிய பாத்தி ஓரம் உட்கார்ந்திருந்தோம்.
விமானங்கள் எங்கள் செருப்புக்குக் கீழே
கேத்திப் பள்ளத்தாக்கில் வளைய வந்தன.
குனிந்து பார்த்தோம்,
கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர்கள் போல.

மேலிருந்து பார்த்தால்
இரட்டை இறக்கை விமானம்
இரண்டாவதை ஒளித்துவிடுகிறது.
"ஒண்ணுதான இருக்கு, காசத் திருப்பிக் கேளு" என்றார் ஆல்துரை.
நாங்கள் டிக்கெட்டே வாங்கவில்லை.

இருவரும் ஊசி ஆலையில் தரம் பார்ப்பவர்கள்.
லென்ஸுக்கு அடியில் நாள் முழுக்க
முனை, மெருகு, காது.
காதில் பிசிறிருந்தால் நூலை அறுக்கும்.
பதினோரு வருடத்தில் அந்தப் பிசிறைத் தவிர
வேறெதையும் நான் இப்படி உற்றுப் பார்த்ததில்லை.

முதலில் டைகர் மோத்.
அதில் சண்டையில்லை:
மேல் இறக்கையின் நடுவே பெட்ரோல் தொட்டி
புடைத்துக்கொண்டு,
அதன் மூடிகூடத் தெரிந்தது.
அடுத்து ஸ்டியர்மேன்.
வாள் போட்டு அறுத்த பலகை மாதிரி நேரான இறக்கை,
மூக்கைச் சுற்றி ஏழு உருளைகள்
மூடாமல், எண்ணிக்கொள் என்று.

மூன்று மணிக்கு, வழக்கம்போல், மஞ்சு ஏறியது.
கோயில் கூரை போனது.
ரயில் பாதை போனது.
பிறகு பள்ளத்தாக்கே இல்லை.
அந்த வெள்ளைக்குள் ஓர் என்ஜின்.

"ஏழு உருளை. ஸ்டியர்மேன் திரும்பி வருது."
"நாலு" என்றேன்.
"வரிசைல நிக்கிற நாலு. இது ஜங்மேன்."
பந்தயம் இரண்டு டீ, கால் கிலோ வர்க்கி.

ஃபிளாஸ்க்கைத் திறக்க அவர் குனிந்த நேரம்
மஞ்சில் ஒரு காது திறந்தது.
அதற்குள் நுழைந்து போனது
சிவப்பாய் ஒரு மேல் இறக்கை,
தோள்கள் சற்றே பின்னுக்குச் சாய்ந்து.
பின் இருக்கையில் தோல் தொப்பி.
அந்த ஆள் அண்ணாந்து பார்த்தார்.
வானத்தையல்ல,
என்னை.

மூடிக்கொண்டது.

"என்ன பாத்த, ரோஸ்லின்?"
"இறக்கை சாஞ்சிருந்துச்சு."
"எவ்வளவு?"
விரலால் காட்டினேன்.
"டைகர் மோத்துக்கும் சாயும்."
"தொட்டி இல்ல."
"செவப்புல தொட்டி தெரியாது."
அதுவும் சரிதான். எனக்கே ஒரு கணம்
அந்தச் சிவப்பின் நடுவே ஏதோ புடைத்தது.

கீழே மைதானத்தில் ஒலிபெருக்கி
பெயரைச் சொல்லிவிட்டது.
காற்று முன்பாதியைத் தின்றுவிட்டு
கடைசித் துண்டை மட்டும்
மேட்டுக்கு ஏற்றி வந்தது:
"…மேன்."

"பாத்தியா" என்றார் ஆல்துரை.
"பாத்தேன்" என்றேன்.

வர்க்கிக்குப் பாதிப் பாதி போட்டோம்.
பேருந்தில் தட்டு இல்லாமல்
துண்டுத்தாளின் மேல் பரப்பித் தின்றோம்.
ஹில்குரோவ் தாண்டும்போது
உதிர்ந்த துகளைத் தட்டிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தேன்.
நெய் ஊறிய இடத்தில்
மூன்றாவது நிழலுரு
தாளின் மறுபக்கத்துக்கு வந்திருந்தது.
ஆல்துரை தூங்கிவிட்டார்.
எழுப்பவில்லை.