குரை காணப்படவில்லை

வாங்கி இருபத்தாறாம் நாள்
ஆர்மர் வீதிச் சந்தியில் வலப்பக்கம் திருப்ப
வான் செத்துப்போனது.
சீட் பொலித்தீன்கூட இன்னும் கழற்றவில்லை.
உள்ளே பதினான்கு பிள்ளைகள்.
பின்னால் ஒரு கொங்கிரீட் லொறியின்
முழுக் கோபம்.

யூனியன் பிளேஸ் ஷோரூமில்
கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும்.
தேத்தண்ணி தருவார்கள், பிஸ்கட்டோடு.
வானும் அங்கே நல்ல பிள்ளை.
வலம் திரும்பும், இடம் திரும்பும்,
ஏசி போட்டால் குளிரும்.
"புது வண்டி மிஸ், பழக வேணும்" என்றான் திலிண.
பழக வேண்டியது அதுவா நானா
என்று சொல்லவில்லை.

பம்ப் மாற்றினார்கள். வயர் மாற்றினார்கள்.
மூளை என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி
வேறு மூளை வைத்தார்கள்.
வானை மட்டும் மாற்றவில்லை.
அதைக் கேட்டால்
மனேஜர் ஒரு மாதிரி மூச்சு விடுவார்,
அவருடைய சிறுநீரகத்தைக் கேட்டதுபோல.

லீசிங்காரனுக்கு இதெல்லாம் தெரியாது.
ஐந்தாம் திகதிக்கு வலமும் இல்லை இடமும் இல்லை.

ஒரு நாள் சொன்னேன்:
இங்கே ஓட்ட வேண்டாம், என்னோடு வாருங்கள்,
காலை ஆறு நாற்பது, கொட்டாஞ்சேனை.
வந்தார், கழுத்துப்பட்டியோடு,
ருஷ்தாவின் தண்ணீர்ப் போத்தலை
மடியில் வைத்துக்கொண்டு.

சந்தி நெருங்க
பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள்.
அது அவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு,
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.
மூன்று. இரண்டு.
"செத்திட்டுது!"
பதினான்கு தொண்டை, ஒரே குரல்.
மனேஜர் இறங்கித் தள்ளினார்.
ருஷ்தா பின்கண்ணாடியால் கை காட்டினாள்.

சரி, முடிந்தது என்று
அன்றைக்கு நினைத்தேன்.

நேற்றுக் கடிதம் வந்தது, மூன்று மொழியில்.
தமிழ்ப் பக்கத்தில், நடுவில்:
"தங்கள் வாகனத்தில் எவ்வித குரையும் காணப்படவில்லை."

உண்மைதான்.
குரைத்திருந்தால் லொறிக்காரன்
வழியாவது விட்டிருப்பான்.
இது சத்தமே போடாமல் அல்லவா சாகிறது.

மகளின் சிவப்புப் பேனையால்
இடையினத்தை வெட்டி வல்லினம் போட்டேன்.
இப்போது எழுத்துச் சரி.
பொய் அப்படியே இருக்கிறது.

நாளைக்கும் ஆறு நாற்பது.
வலம் திரும்பாமல் பள்ளிக்கூடம் போக
ஒரு வழி பிடித்திருக்கிறேன்:
இடம், இடம், இன்னொரு இடம்,
கால் மணித்தியாலம் கூட.
எண்ணுவதற்கு ஒன்றுமில்லையென்று
பிள்ளைகளுக்குக் கோபம்.

பிறகு யூனியன் பிளேஸ்.
அங்கேயும் அப்படித்தான், சுற்றித்தான் போவேன்.
கடிதம் டாஷ்போர்டில்.
டீசல் என் கணக்கில்.