ஏழாம் மாடிக்கு இருபது தெத்ரி

இந்த ஊரில் மேலே போகக் காசு.
இறங்குவது இலவசம்.
திபிலீசியின் வடகோடிக் குடியிருப்பில்
லிஃப்டுக்குள் ஒரு தகரப்பெட்டி,
நெட்டை மனிதர்களின் கண்ணுயரத்தில்
வாய் பிளந்து தொங்குகிறது.
இருபது தெத்ரி விழுந்தால்தான்
கம்பிகள் முனகத் தொடங்கும்.

லம்சீராவின் கை
அந்த வாய்க்கு நாலு விரற்கடை கீழே நின்றுவிடும்.

நாலே விரற்கடை.
அதற்காகப் பதினோரு வருடம்
யாராவது வரட்டும் என்று
கீழ்த்தளத்தின் ஈரச்சுவரைப் பார்த்துக் காத்திருந்தாள்.
காசு அவளுடையது.
வாங்கிப் போட்டவர்களோ
தர்மம் செய்த முகத்தோடு இறங்கிப் போனார்கள்.
ஒருத்தி தலையைத் தடவிக் கொடுத்தாள்.
நாற்பத்தொரு வயதுத் தலை.

அக்டோபரில் பட்டறையில் சேர்ந்தாள்.
பழைய கண்ணாடித் தொழிற்சாலையின் பின்கட்டு;
சக்கர நாற்காலி செய்கிற இடம்,
செய்கிறவர்களும் சக்கர நாற்காலியில்.
முதல் நாள் மால்காஸ் கேட்டான்
(வயது இருபத்துநாலு,
இடுப்புக்குக் கீழே அவளைப் போலவே மௌனம்):
"தொடையில் சூடு தெரியுமா?"
"தெரியாது."
"அப்படியானால் தோல் ஏப்ரனைக் கழற்றாதே.
பொறி விழுந்து வெந்தால்
உன் மூக்குதான் முதலில் சொல்லும்."
வரவேற்புரை முடிந்தது.

அவள் வைத்த முதல் பற்று
கோழி கிளறிய குப்பை.
இரண்டாவதும்.
நவம்பர் முழுக்கக் கோழிகள்.
அறுத்து எறிந்துவிட்டு
மறுபடியும் முகமூடியை இறக்கிக்கொள்வாள்.
கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரே ஒரு பச்சைப் புள்ளி
மெல்ல நடந்து போகும்.
அதன் கூடவே போகப் பழகினாள்.

புதன்கிழமை மதியம் வெல்டிங் கிடையாது.
வேண்டுமென்றே தரையில் விழ வேண்டும்,
ஒருவரும் தொடாமல் திரும்ப ஏறி உட்கார வேண்டும்.
முதல் தடவை நாற்பது நிமிடம்.
மால்காஸ் பக்கத்தில் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.
"வங்கியில் கேட்பார்கள், கூட வந்தவர் எங்கே என்று.
என்ன சொல்வாய்?"
தரையில் கிடந்தபடியே சொன்னாள்:
"கூட வந்தது என் காசு."

வீட்டில் அது அத்தனை சுலபமாக வரவில்லை.
தம்பி நுக்சாரின் சட்டைப்பையில்தான்
அவளுடைய உதவித்தொகை அட்டை இருந்தது, வருடக்கணக்காக.
"நான் என்ன திருடனா?" என்றான்.
"இல்லை. கொடு."
"சோற்றுக்கு என்ன குறை வைத்தேன்?"
"குறை இல்லை. கொடு."
மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன்
மூன்று வாரம் பேசவில்லை.
அந்த மூன்று வாரமும் அவளுக்கு
உப்புப் போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோயிற்று.

முதல் சம்பளம் லாரிகளில் வந்தது.
(லாரி என்றால் அங்கே வண்டியல்ல, பணம்.
நானும் முதலில் சிரித்தேன்.)
அன்று மாலை, எல்லோரும் போன பிறகு,
கழிவுத் தொட்டியிலிருந்து முழ நீளக் கம்பி ஒன்றை எடுத்தாள்.
நுனியில் ஒரு பிளவு,
பிளவுக்குள் சைக்கிள் டியூப் ரப்பர்,
காசு வழுக்காமல் இருக்க.
பிடியை அவளே பற்றவைத்தாள்.
கோழி எதுவும் கிளறவில்லை.

லிஃப்டுக்குள் ரொட்டியோடு ஒருவர் ஒண்டி நின்றார்.
அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் கையை நீட்டினார்.
"வேண்டாம்."
முதல் காசு நழுவி
கதவிடுக்கு வழியாகப் பள்ளத்தில் விழுந்தது.
அவர் கை மறுபடி நீண்டது.
"வேண்டாம் என்றேனே."
இரண்டாவது உள்ளே போனது.
அதே கம்பியால் அவருக்கு ஐந்து, தனக்கு ஏழு.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் மின்சாரம் போயிற்று.

அரைமணி நேரம் இருட்டு.
அவர்தான் கால் மாற்றி மாற்றி நின்றார்,
முழங்காலைச் சபித்தார், சுவரில் சாய்ந்தார்.
அவள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள்.
ரொட்டியின் கூர்முனையைப் பிய்த்து நீட்டினார்;
வாங்கிக்கொண்டாள், சூடாக இருந்தது.
"அந்தக் கம்பி நீயே செய்ததா?"
"ம்."
"எங்கள் பால்கனிக் கிராதி பிய்ந்து தொங்குகிறது.
பற்றவைப்பாயா?"

மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்:
"எவ்வளவு தருவீர்கள்?"