இரண்டு கொக்கிகள்

பகல் ஒரு மணிக்கு வாசலைச் சாத்துவார்கள்,
பிரேசில் முழுக்க ஒரே நொடியில்.
ஆற்றுக்கு அது தெரியாது.

அந்த ஆண்டு ஓதம் வற்றி
எங்கள் படகு மணல்திட்டில் தரைதட்டியது.
இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ளினேன்
பேனாவைப் பல்லில் கடித்தபடி.
துறையிலிருந்து பள்ளிவரை ஒரே ஓட்டம்.
கம்பிக்கு அந்தப் பக்கம் காவலாளி
பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மணி ஒன்று மூன்று.
கேமராக்காரன் ஒருவன் என் அழுகையைப் பிடித்துப் போனான்.
மாலைச் செய்தியில் நான்
நாடே சிரித்த சோம்பேறி.
பத்து மணிநேரம் படகில் வந்த சோம்பேறி.

இப்போது நான்தான் படகோட்டி.
எனக்குப் பாடம் நடத்த வராது.
அதற்கு வால்டிரேனியும் அவள் கூட்டாளிகளும் இருக்கிறார்கள்,
தேவாலயத்தின் பின்கட்டில்
ஜெனரேட்டர் மூச்சு விடும்வரை.
என் பொறுப்பு டீசல், ஓத அட்டவணை,
தேர்வுக் கட்டணம் வேண்டாமென்று எழுதும் மனு.
அதற்குத் தண்ணீர்த்தொட்டி மேல் ஏற வேண்டும்,
சிக்னல் அங்கே மட்டும்தான் வரும்.
ஒரு கையால் ஏணி, ஒரு கையால் ஊரின் எதிர்காலம் என்று
எடிவால்டோ கிண்டல் செய்வான்.
கீழே நின்று, ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமையே கிளம்பிவிடுவோம்.
பத்தொன்பது பேர், ஒரு கைக்குழந்தை,
மரவள்ளி மாவு, வறுத்த மீன்,
ஆளுக்கு இரண்டு கறுப்புமைப் பேனா.
குழல் உள்ளே தெரிய வேண்டும், அது சட்டம்.

ஜூசிலேனி தேறினாள்.
பெலேம் நகரம். கப்பல் பொறியியல்.
தலையில் முட்டை உடைத்து, மாவு கொட்டி
அவளை அடையாளம் தெரியாமல் ஆக்கினோம்.

மூன்றாவது வாரம், இரவு இரண்டு மணிக்கு
குரல் செய்தி: "வந்துவிடட்டுமா?"
காசா? கணக்கா?
யாராவது நிறத்தைச் சொன்னார்களா?
"கட்டில்" என்றாள்.

பிறந்த நாள் முதல் தூளியில் உறங்கியவள்.
எங்கள் ஓடைக்கரையில் பல் போன கிழவருக்கும் தூளிதான்.
கட்டிலில் முதுகு பலகையாகிறதாம்,
உடம்பு எங்கே முடிகிறதென்று தெரியவில்லையாம்.
எட்டு மணி வகுப்பில் கண் செருகுகிறது.
முதல் தேர்வில் பத்துக்கு இரண்டு.
உதவித்தொகைப் படிவத்தில் எல்லாம் கேட்டார்கள்:
வீட்டில் எத்தனை பேர், எத்தனை விளக்கு.
எப்படித் தூங்குவாய் என்று கேட்கவில்லை.

விடுதி அலுவலகம் பதில் எழுதியது:
சுவர் அரசுச் சொத்து. துளையிடக் கூடாது.

இரவல் துளைக்கருவியும்
இரண்டு இரும்புக் கொக்கியும் எடுத்துக்கொண்டு போனேன்.
முதல் துளை பாதி இறங்கையில்
கதவில் ஒஸ்மரீனா அம்மையார், விடுதிக் கண்காணிப்பாளர்,
இடுப்பில் சாவிக்கொத்து.
நான் நிறுத்தினேன்.
சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"ஒரு சாண் மேலே போடு.
இந்த உயரத்தில் போட்டால் இடுப்பு தரையில் இடிக்கும்."
அவருக்கு எப்படித் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.

ஜூசிலேனி பதின்மூன்று மணிநேரம் தூங்கினாள்.
மறுநாள் வகுப்பையும் தூங்கியே தவறவிட்டாள்,
அதற்குத் திட்டு வாங்கினாள்.
அடுத்த தேர்வில் ஆறு. ஐந்து போதும்.

இப்போது ஏதோ படகு வரைகிறாளாம்,
அடித்தட்டு அகலமாக,
முழங்கால் நீரிலும் போகுமாம்.
பார்க்கலாம்.
என் படகு அதுவரை பொறுக்காது.
நவம்பர் முதல் ஞாயிறு தேர்வு,
வற்றம் காலை ஒன்பது இருபதுக்கு.
பேனாக்களை எண்ணிவிட்டேன்.
ஒன்று குறைகிறது.