கூடைக்குப் பத்து

தங்கச்சிமடத்தில் ஏற்றிய ஐஸ்
உச்சிப்புளி தாண்டும்போதே வியர்க்கும்.
ராமநாதபுரம் புறவழிச்சாலையில் சொட்டும்.
சுங்கச்சாவடி வரிசையில் நிற்கையில்
ஒழுகும்.
எனக்குக் கடிகாரம் வேண்டாம்,
பின்கதவின் ஓசையை வைத்தே
எத்தனை நிமிடம் போனதென்று சொல்வேன்.

இன்று ஏப்ரல் ஒன்று.
பலகையில் பழைய எண்ணின் மேல்
புது எண்ணை ஒட்டியிருக்கிறார்கள்.
ஓரம் சரியாகப் பிடிக்கவில்லை,
கச்சான் காற்று பிய்த்துப் பிய்த்துப் பார்க்கிறது.
இடுக்கில் பழைய எண் தெரிகிறது.
போன வருடமெல்லாம் அதைத்தான் ஏசினேன்.
இப்போது பார்த்தால்
ஒரு பிரியம் வருகிறது.

முன்னால் கீழக்கரைக் கார்.
அதற்கும் முன்னால் வாலிநோக்கத்து உப்பு லாரி.
லாரிக்காரர் களஞ்சியம் இறங்கி நின்று
சட்டையைக் கழற்றி நீட்டுகிறார்:
"இந்தா, இதையும் பிடிச்சுக்க."
உள்ளேயிருந்த பையன் தலை நிமிரவில்லை.
"நான் சத்திரக்குடிண்ணே, சைக்கிள்ல வாறவன்.
எங்கிட்ட கத்தி என்ன ஆகப்போகுது"
என்று எந்திரத்தைப் பார்த்துச் சொன்னான்.

என் தம்பி கடலுக்குப் போகிறவன்.
அங்கேயும் ஒரு கோடு உண்டு,
கண்ணுக்குத் தெரியாது,
தாண்டினால் படகே போய்விடும்.
இங்கே கோட்டுக்கு மஞ்சளும் கறுப்பும் பூசி
மேலும் கீழும் அசைய வைத்திருக்கிறார்கள்.
அவ்வளவுதான் தரைக்கும் தண்ணிக்கும் வித்தியாசம்.

என் முறை.
கண்ணாடியில் ஒட்டிய பட்டையைக் கருவி படிக்கவில்லை.
முன்னே வா என்றார்கள். பின்னே போ. மறுபடி முன்னே.
மஞ்சத்தண்ணி தெளித்து
எப்போது தலை துலுக்கும் என்று
ஊரே பார்த்து நிற்கும் கிடாய் மாதிரி
நடுச்சாலையில் என் வண்டி.
கடைசியில், பட்டையில் பணமில்லை என்றார்கள்.
கையில் கொடுத்தால் இரண்டு மடங்கு.
சீட்டைக் காட்டினால் கம்பெனி ஒரு மடங்கு தரும்.
மற்றது என் தலை.

இன்னும் பதினான்கு நாளில் தடைக்காலம்.
மீனுக்குச் சினை பிடிக்க விடுமுறை,
வலைக்கு விடுமுறை, விசைப்படகுக்கு விடுமுறை.
நாட்டுப்படகு மீனுக்கு எல்லா வண்டியும் அலையும்.
கம்பி மட்டும்
ராத்திரி மூன்று மணிக்கும் முழித்திருக்கும்.

பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவில்
கூடைகளோடு நாலு பொம்பளைகள்,
பாம்பனில் ஏறியவர்கள், பரமக்குடிச் சந்தைக்கு.
கம்பெனிக்குத் தெரியாமல் ஏற்றுவதுதான்.
கூடைக்கு நாற்பது.
கம்பி எழும்பியதும்
கழுத்தைத் திருப்பாமல் சத்தமாகச் சொன்னேன்:
"இன்னையிலேருந்து அம்பது."

சண்டை வரும் என்றிருந்தேன்.
பலகை எண், இரட்டை மடங்கு,
டீசல், டயர் எல்லாம்
நாக்கில் வரிசையாக நின்றன.
செபமாலை
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பாலித்தீன் உறையை எடுத்து
செதில் ஒட்டிய பத்து ரூபாய்த் தாள்
ஐந்தை எண்ணி
இடைச்சன்னல் வழியாக நீட்டினாள்.
"ரசீது குடு."
சிரிக்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தேன்.
இல்லை.

வேறென்ன செய்ய,
முன்னால் கிடந்த சாவடிச் சீட்டையே கொடுத்தேன்.
ஈரக்கையில் அது சுருண்டது.
விரித்து, மடித்து,
கூடையில் மூடியிருந்த ஓலைக்கடியில் செருகினாள்.
"வாங்குறவளுககிட்ட காட்டணுமில்ல."

அப்புறம் யாரும் பேசவில்லை.
இரண்டு பக்கமும் கருவை மரம், கருவை மரம்,
நடுவில் ஒரு வறண்ட கண்மாய்.

சந்தை முக்கில் கூடையை இறக்கிக் கொடுத்தேன்.
நான் பெட்டிக் கதவை இறுக்குவதற்குள்
காரல் விலை கேட்ட ஒருத்தி
கூறுக்கு இருபது ஏற்றிவிட்டாயே,
கடல் என்ன உங்கப்பன் வெட்டினதா
என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.
செபமாலை தலை நிமிரவில்லை.

மதுரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.
ஐஸ் பாதி தண்ணீர்.
சாயங்காலம் கணக்குப்பிள்ளை அருளானந்து
நோட்டைத் திறந்து
டோல் சீட்டு எங்கே என்பார்.
மீனுக்கு மேலே இருக்கிறது என்று
எப்படிச் சொல்வது.