இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு

கார்டு முதலில் வந்தது. அதுதான் தப்பு.
கிரிப்டோ தோண்டி ஓய்ந்துபோன ஒருவன்
விசிறியில் ஓர் இறக்கை உடைந்திருப்பதை
விரலால் மறைத்தபடி
பாதி விலைக்குத் தந்தான்.
ஆறு ஜிபி.
ரொசாரியோவில் அதற்குப் பொருள்
தவணை இல்லாத ஆறு ஜிபி.

இப்போது அதற்கொரு முகம் வாங்க வேண்டும்.

சான் லூயிஸ் தெருவில் ஃபெருச்சோவின் கடை.
மூன்று திரைகள் அடுத்தடுத்து,
மூன்றிலும் அதே தவளை.
முதல் திரையில் அது தவளை.
நடுத்திரையில் தவளையின் தோல்.
மூன்றாவதில் ஈரம்,
துடைக்கக் கை போனது எனக்கு.
"மூன்றாவதை உங்கள் கார்டு இழுக்காது.
நடுவில் இருப்பதைக் கேட்டால்...
இழுக்கும், முனகிக்கொண்டு" என்றான்
விற்கத் தெரியாத நல்லவன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
போர்வைகளை எண்ணும் நோட்டின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
ஆயிரத்து எண்பது வரிசை என்றால்
இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு புள்ளி.
ஆயிரத்து நானூற்று நாற்பது என்றால்
முப்பத்தாறு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு.
ஒவ்வொன்றுக்கும் நிறம் பூச வேண்டும்
நொடிக்கு அறுபது தடவை
உடைந்த இறக்கையோடு.
ஒரு சில்லுக்காக இரக்கப்பட்டது
அன்றுதான் முதல் தடவை.
நான் ஓர் இரவில் எண்ணூறு போர்வை மடிக்கிறவள்.
ஆயிரத்து நானூறு மடி என்றால்
மடிப்பேன்.
ஓரங்கள் சேராது.

பௌடிலியோவுக்கு வேறு கணக்கு.
பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து
நில வரைபடம் வரைகிறான்:
வேலி, வாய்க்கால், முடியளவுக் கோடுகள்.
"அசையாத கோட்டுக்குக் கார்டு வியர்க்காது, சுலெமா.
உன் காருக்குத்தான் வியர்க்கும்."
உண்மை.
வேலை முடிந்த விடியற்காலைகளில் நான்
பின்லாந்தின் பனிக்காட்டில் ரேலி ஓட்டுகிறேன்,
லைசென்ஸ் இல்லாதவள்,
நூற்று நாற்பதில் வளைவேன்.

"பெரியதை வாங்குவோம். ஆடும்போது நீ குறைத்துக்கொள்."
சொல்வது எளிது.
மூன்று பேரை நான்கு நாற்காலியில்
பரவி உட்காரச் சொன்னால்
யார் எங்கே முடிகிறார் என்று தெரியுமா?
அப்படித்தான் மங்கும் அந்தப் படம்.
எழுநூற்று இருபதுக்கு இறங்கினால்
ஒரு புள்ளிக்கு நான்கு இடம், கச்சிதம்;
ஆனால் மரங்களெல்லாம் செங்கல்.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டுமாம்.
எங்கள் வீட்டில் இரண்டு விரல்,
ஒரே வீக்கம்.

வெள்ளி இரவு நான் விட்டுக்கொடுத்தேன்.
நடுத்திரையே இருக்கட்டும், பனி மங்கினால் மங்கட்டும்.
உறையின் மேல் அதன் விலையை எழுதினான்,
பேனா அழுந்த.

சனிக்கிழமை போனபோது
ஃபெருச்சோ ஏணியில் நின்று
விலைச்சீட்டின் மேல் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.
காலையிலிருந்து இரண்டாம் தடவையாம்.
இறங்கி வந்து எங்கள் முகம் பார்க்கவில்லை.
நேற்று நடுத்திரையாக இருந்த பணம்
இன்று முதல் திரை,
கூடவே இரண்டு மிலனேசா சாண்ட்விச்.

தின்றோம். பேசவில்லை.
பேருந்தில் பெட்டி அவன் மடியில்.
பரானா ஆறு ஜன்னலில் தெரிந்த இடத்தில்
"கண்ணாடி மாற்ற வேண்டியதுதான் எப்படியும்" என்றான்,
யாரும் கேட்காமல்.

அன்று விடியலில் பனி பெய்தது.
தனித்தனிச் செதிலாக இல்லை,
ஆனால் ஒன்றுகூடத் தடுக்கி நிற்கவில்லை.
வளைவுகள் வெண்ணெயாய் வழுக்கின.
விசிறி மட்டும் டிக், டிக்.
அறுபது. அறுபத்திரண்டு. அறுபது.
எனக்கு வெட்கமாக இருந்தது,
அவ்வளவு நன்றாக ஓடியது.

நாலாம் நாள் மதியம் விழித்து வந்தால்
அவன் மூக்கு திரையில் முட்டுகிறது.
வாய்க்கால் படிக்கட்டாக இறங்குகிறது;
பெரிதாக்கினால் பக்கத்து வயல்
திரைக்கு வெளியே போய்விடுகிறது.
"தண்ணீர் இப்படியா போகும்?" என்றேன்.
"காகிதத்தில் நேராக வரும்."

மாத்தே ஊற்றி அவன் பக்கம் தள்ளினேன்.
காலி உறை இன்னும் மேஜையில் இருக்கிறது.
மேலே எழுதிய பழைய விலையை
இருவருமே அடிக்கவில்லை.