இன்னொரு நான்

"சோற்றுப்பெட்டியை மறந்தாலும்
குடையை மறக்காதே" என்பார்கள் எங்கள் ஊரில்.
தகாஓகாவின் நவம்பர் அப்படி.
அன்றைக்கு நான் இரண்டையும் மறந்திருந்தேன்.
எரிவாயு மீட்டர் கணக்கெடுக்கிற வேலை.
முப்பத்தோராவது வீட்டு வாசலில்
வானம் பொத்துக்கொண்டது.

ஓடி நுழைந்த இடம் 'தாஜ்'.
இந்தியச் சாப்பாடு என்கிறது பலகை.
சமைப்பவர் கும் பகதூர் புன்,
நேபாளத்து மலைச்சரிவுக்காரர்.
யாரும் கேட்பதில்லை.
அவரும் திருத்துவதில்லை.
காரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை; எனக்கு இரண்டு.
கதவில் ஈரத்தில் சுருண்ட தாள்:
மழை நாளில் லஸ்ஸி இலவசம்.

பக்கத்து மேசையில் ஒருவரும் ஒருத்தியும்,
ஐம்பதைத் தாண்டியவர்கள்.
நடுவில் ஒரே ஒரு நான்,
தட்டில் அடங்காமல் மேசை விளிம்புவரை நீண்டு.
வாலிலிருந்து அவர் பிய்த்தார்,
தலையிலிருந்து அவள்.
பேச்சில்லை. கோபமும் இல்லை.
குழம்புக் கிண்ணத்துக்குள்
கைகள் ஒருமுறைகூட முட்டிக்கொள்ளவில்லை.
அதற்கெல்லாம் வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும்.

"மன்னிக்கணும்," என்றாள் என் பக்கம் திரும்பி,
"உங்களுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதா?"

எனக்கு நாற்பத்தாறு.

லஸ்ஸி டம்ளரை நகர்த்திவிட்டு விரித்தாள்:
பச்சைக் கோடு போட்ட படிவம்.
மணவிலக்கு.
வயது வந்தவர் இரண்டு பேர் சாட்சி வேண்டும்,
யாராக இருந்தாலும் சரி.
"தெரிந்தவர்களிடம் போனால்
காரணம் கேட்பார்கள்" என்றார் அவர்,
உப்புப் புட்டியைப் பார்த்தபடி.

நான் கேட்கவில்லை.
பெயர், பிறந்த தேதி, முகவரி எழுதினேன்.
நாளெல்லாம் அடுத்தவர் வீட்டு எண்களை
எழுதிப் பழகிய கை;
நடுங்கவில்லை என்பது
எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இரண்டாவது சாட்சிக்குக் கடையில் மிச்சமிருந்தது
கும் பகதூர் மட்டும்.
மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தார்.
"என்னிடம் முத்திரை கிடையாதே."
கையெழுத்தே போதும் என்றார்கள்.
ஒவ்வோர் எழுத்தாக,
கூரை வேய்கிறவர் மாதிரி, எழுதினார்.
நாடு என்ற இடம் வந்தது.
சுவரெல்லாம் பளிங்கு மாளிகைப் படம் தொங்கும் கடையில்
நேபாளம் என்று எழுதிவிட்டு
ஒரு நொடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சொன்னார்:
"எங்கள் பக்கம் சேர்த்துவைக்க நெருப்பு சாட்சி.
பிரித்துவைக்க யார் என்று
எனக்குத் தெரியாது."
பின்னால் தந்தூர் அடுப்பு
தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது,
கணவர் பெயர் மேல் விரலளவு வெண்ணெய்க் கறை.
யாருடைய விரலோ.
அவள் காகிதக் கைக்குட்டையால் ஒற்ற ஒற்ற
கறை பரவி, அவள் பெயரையும் தொட்டது.
"நகராட்சியில் வாங்குவார்களா?"
"பசி வந்தவன் இருந்தால் வாங்குவான்."
இரண்டு பேரும் சிரித்தார்கள்,
அவர் இருமும் வரை.

கும் பகதூர் கேட்டார்:
"இன்னொரு நான்?
மதியத்தில் அதற்குக் காசில்லை."
ஆளுக்கொன்றா, சேர்த்து ஒன்றா என்று
அவருக்குத் தெரியவில்லை.
அவர்களும் சொல்லவில்லை.

மழை விடாமலே கிளம்பினேன்.
கடைக்குடை ஒன்றை, பின்னியத் திரும்பத் தருவதாகச் சொல்லி.
ஒன்றைச் சொல்லவில்லை:
படிவத்தில் இருந்த அவர்கள் முகவரி
என் தடத்தில்தான் இருக்கிறது.
ஹைட்ரேஞ்சியா புதருக்குப் பின்னால் மீட்டர்,
கண்ணாடியில் ஒரு கீறல்.
இரவு பிந்திக் குளிக்கிற வீடு என்று
அந்த எண்களை வைத்தே எனக்குத் தெரியும்.

டிசம்பரில் போனேன்.
பாதியாகியிருக்கும் என்று நினைத்துக் குனிந்தேன்.
போன மாதத்தைவிட மூன்று கன மீட்டர் அதிகம்.

குளிர்காலம் பிறந்துவிட்டது, சரிதான்.
தண்ணீர் சுட நேரமாகும்.
எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு
அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.
குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.