ஜல்லி

ஜூரியில் எனக்கு ஏழாம் நாற்காலி.
"இவரை முன்பே தெரியுமா?" என்றார் நீதிபதி.
தெரியும் என்றவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினால்
நாற்காலிகள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
வெர்லின் ஸ்டிடமைத் தெரியாதவர்
கென்டக்கியின் எங்கள் மலைப்பக்கத்தில்
இன்னும் பிறக்கவில்லை.
நியாயமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தேன்.
இருந்தேன்.
பெரும்பாலும்.

பதினோரு நாள் காகிதம் காட்டினார்கள்.
கவுண்டிப் பணத்தில் ஜல்லி,
நாற்பது லோடுக்கு ரசீது,
இறங்கியது இருபத்திரண்டு.
மீதிப் பதினெட்டும்
ஏரிக்கரையில் மச்சினன் கட்டிய வீட்டுக்கு
நடந்தே போயிருக்கின்றன.
அரசு வக்கீல் நகரத்திலிருந்து வந்தவர்,
ஷூவில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.
அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

முதல் லோடு யாருக்கு என்று மட்டும்
அவர் கேட்கவில்லை.
ஈடித் கோம்ப்ஸுக்கு.
அதற்குப் பல வருடம் முன்னால்,
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் அவளுக்கு.
மார்ச் மழையில் ஆம்புலன்ஸ் அச்சு வரை புதைந்து
நான்கு பேர் அவளைப் போர்வையில் வைத்துத்
தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.
தனியார் பாதையில் கவுண்டிக் கல் கொட்டக்கூடாது.
சட்டம்.
மறுநாள் விடிந்தபோது கொட்டியிருந்தது.
இரவில் லாரியை ஓட்டியவன் வெர்லினே.
அப்போது அவன் கை சுத்தம்.
சட்டத்தை அவன் முதலில் உடைத்தது
ஒருத்தியின் சிறுநீரகத்துக்காக.
உடைந்த இடத்தின் வழியே
அடுத்த லாரி சுலபமாகப் போனது.
கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித்தொடை அனுப்பினான் குவாரிக்காரன்.
அடுத்த வருடம் ஒரு துப்பாக்கி.
அதற்கடுத்த வருடம் எதுவும் அனுப்பவில்லை,
"உனக்கு எவ்வளவு?" என்று கேட்டான்.

தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான், தெரிந்ததுதான்.
இவன் நக்குவதற்கு முன்
எங்கள் பக்கமும் ஒரு விரலை நீட்டினான்.
சுரங்கம் மூடிய பிறகு
எங்களைத் தேடி வந்த மற்ற எல்லோரும்
படிவம் கொண்டுவந்தார்கள்.

ஹோபர்ட் இறந்த ஜனவரியில்
பிண ஊர்தி என் பாதையில் ஒரு தடவைகூடத் திணறவில்லை.
சக்கரத்தின் கீழ் கல் அரைபடும் சத்தம்
மேடு இறங்கும்வரை கேட்டது.
முப்பது வருடம் நிலக்கரி வெட்டியவனுக்கு
அரசாங்கம் தந்த ஒரே மரியாதை அது.
'மூன்றாம் கிளைப்பாதை, இரண்டு லோடு'
என்றது ஆவணம் 114.
அது என் பாதை என்று
நான் யாரிடமும் சொல்லவில்லை.
குற்றவாளி என்று கை தூக்கினேன்,
மற்ற பதினொருவருக்கும் முன்னால்.

இரண்டரை வருடம்.
மெலிந்து திரும்பினான்.
ஆளுநர் கையெழுத்தில் உரிமை வந்தது,
பின்னாலேயே தேர்தலும்.
எதிரே கார்விஸ் நேப்பியர்,
அலுவலகப் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத
ஓய்வுபெற்ற கணக்கர்.
சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம்.
என் பாதை மறுபடி அரித்துவிட்டது,
என்ன செய்வீர்கள் என்றேன்.
"அது தனியார் பாதை, அம்மா."
சரியான பதில்.
சொல்லிவிட்டுக் காபியை ஆற்றிக் குடித்தார்.
வெர்லின் எழுந்தான். ஆஸ்பத்திரி, ஆலை,
நாலுவழிச் சாலை என்று
ஒரு மணி நேரம் ஜல்லியடித்தான்.
ஒருவரும் நம்பவில்லை.
இறங்கி என் வரிசைக்கு வந்து
"முழங்கால் இப்ப எப்படி இருக்கு?" என்றான்.
தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஓட்டுப் போடும்போது
பதினோரு நாள் காகிதமும் நினைவிருந்தது,
எண்களோடு.
ஏமாந்தவள் என்று என்னை எழுதிக்கொள்ளாதீர்கள்.

ஏப்ரலில் லாரி வந்தது, கேட்காமலே.
ஜன்னலோரம் நின்று எண்ணினேன்.
ஆறு.
பையன் நீட்டிய தாளில் பத்து.
கண்ணாடியைப் போட்டு
இன்னொரு முறை படித்தேன்.
பத்துதான்.
பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்,
அவனே எடுத்துக் கொடுத்தான்.